டிசி-டிசி சார்ஜர்: ஒரு நட்சத்திரம் கொடுக்க உட்கார்ந்தவன் எழுதுவது

இந்தப் பெட்டியை வாங்கி மாட்டிய மூன்றாவது வாரமே ஒரு விமர்சனம் எழுதி வைத்துவிட்டேன். ‘காசைக் கரியாக்காதீர்கள்’ என்று ஆரம்பித்து, ஒரே ஒரு நட்சத்திரம், அதுவும் வேறு வழியில்லாமல்தான் என்று முடித்திருந்தேன். அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது, என்ன புண்ணியமோ. இப்போது எட்டு மாதம் ஓட்டியாகிவிட்டது, பழையதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பொருள் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஓடும்போது, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் எடுத்து, உள்ளே விளக்கு, பம்ப், ஃபேன் எல்லாவற்றையும் ஓட்டுகிற வீட்டு பேட்டரிக்கு அதற்கேற்ற வோல்டேஜில் ஏற்றிக் கொடுக்கும். விக்ட்ரான், ரெட்ஆர்க், ரெனோஜி, ஸ்டெர்லிங், சிடெக் என்று பலரும் இதைச் செய்கிறார்கள். என்னுடையது எது என்று சொல்லப்போவதில்லை. திட்டுவதற்கும் ஒன்றிரண்டு இருக்கிறது, அதோடு நான் பட்ட பாடு எந்தப் பெயர் ஒட்டிய பெட்டியாக இருந்தாலும் பட்டிருப்பேன்.

முதலில் இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி புரியாது.

வண்டி பழையது, இரண்டாவது கையாக வாங்கினது. அதில் இருந்தது சாதாரண ரிலே ஏற்பாடு. இன்ஜின் ஓடினால் ரிலே சேரும், இன்ஜின் பேட்டரியும் வீட்டு பேட்டரியும் ஒன்றாகும், ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஏற்றும். நிறுத்தினால் பிரிந்துவிடும், ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். அவ்வளவு எளிமையான விஷயம். ஒரு நாள் அது வேலை செய்யவில்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் சாயங்காலம் வீட்டு பேட்டரி 12.1 வோல்ட்டில் சோர்ந்து கிடந்தது. லெட் ஆசிட் பேட்டரியை ஏற்றி முடித்து சில மணி நேரம் சும்மா விட்டால் 12.7 வரவேண்டும், 12.2 என்றால் பாதி காலி, 12.1 பாதிக்கும் கீழே.

ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் போனட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, “ஆல்டர்னேட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார். அதை நிரூபிக்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றக் கையை வைத்தார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். அந்தக் காலத்து வண்டியில் அது ஒரு சோதனையாக இருந்திருக்கலாம். இப்போதுள்ள வண்டியில் ஓடும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி, இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் சுட்டுவிடும். யார் செய்தாலும் விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் பேட்டரியில் 14.2. ஆல்டர்னேட்டர் போயிருந்தால் அங்கே 12.5க்கு மேல் ஏறியிருக்காதே! அங்கே 14.2, வீட்டு பேட்டரியில் 12.1, கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. இந்த ஒரே ஒரு அளவை எடுக்காமல் ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் எத்தனை பேரோ.

நடுவில் இருப்பது பியூஸ், ரிலே, மறுபடி ஒரு பியூஸ், ஒயர், எர்த், அவ்வளவுதான். இரண்டு பியூஸ் எதற்கு என்றால், அந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயாமல் பியூஸ் போகவேண்டும். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ரிலேயைக் கையால் தொட்டுக்கொண்டு மச்சானை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ‘டக்’ என்று ஒரு துடிப்பு வரவேண்டும், வரவில்லை. ரிலேயைச் சேரச் சொல்லும் சின்ன ஒயர் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனையிலிருந்து வருகிறது. இன்ஜின் ஓடினால்தான் அதில் வோல்டேஜ் இருக்கும். அந்த ஒயரை ரிலேயிலிருந்து கழற்றி மீட்டரை வைத்தால் 13.8 காட்டியது. வோல்டேஜ் இருக்கிறது, ரிலே சேரவில்லை, அப்படியானால் ரிலேதான் போயிருக்கிறது என்று புது ரிலே வாங்கி மாட்டினேன். அதுவும் சேரவில்லை.

இங்கேதான் எனக்கு முதல் பாடம். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு, அதன் உள் தடை சுமார் 10 மெகா ஓம். ஒயருக்குள் முப்பது இழை இருந்த இடத்தில் பச்சை பூத்த ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், முழு வோல்டேஜையும் அழகாகக் காட்டும். வேலை செய்ய வேண்டிய கரண்ட் அதில் போகாது. பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் கேட்கும், ஏமாற்ற முடியாது. டி பிளஸ் மாதிரி சின்ன சிக்னல் ஒயருக்கு அது அதிகம், அங்கே 5 வாட் பல்பு போதும். என் 5 வாட் பல்பு மினுக்கக்கூட இல்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் பேட்டரித் தட்டுக்குப் பின்னால் ஒரு இடத்தில் உறை முழுசாக இருந்தது, உள்ளே மாவு மாதிரி நொறுங்கியது. ஒரு சாண் ஒயர் மாற்றினேன். ரிலே டக்கென்று சேர்ந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பல மாதம் பாதிக்குக் கீழேயே கிடந்ததில் அந்த இரண்டு ஏஜிஎம் (மூடிய வகை லெட் ஆசிட்) பேட்டரியும் சல்பேட் பிடித்துச் செத்துவிட்டன. அதன் அறிகுறி ரொம்பப் பேரை ஏமாற்றும். சார்ஜ் போட்ட ஐந்தாவது நிமிஷமே 14.4 வோல்ட்டுக்குப் போய் ‘நான் நிறைந்துவிட்டேன்’ என்று நிற்கும், ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் 2 ஆம்பியர்கூடப் போகாது, சார்ஜை எடுத்து ஒரு ஃபேனைப் போட்டால் அரை மணி நேரத்தில் படுத்துவிடும். வோல்டேஜை மட்டும் பார்க்கிறவருக்குப் பேட்டரி பிரமாதம். (கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி கரண்ட் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பதில் பாதி ஏசி மட்டும்தான் அளக்கும், நான் முதலில் வாங்கினது அந்தப் பாதியில் ஒன்று.)

சரி, மாற்றுவது என்று ஆகிவிட்டது, லித்தியமாகவே போடலாம் என்று 100 ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்று வாங்கினேன். அதை வெறும் ரிலேயில் மாட்டக்கூடாது. லெட் ஆசிட் பேட்டரி, ஏற ஏறத் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள் தடை ரொம்பக் குறைவு, கொடுக்கிறதையெல்லாம் கடைசிவரை குடித்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனுக்கும் ஓடும், அதுவும் வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது குளிர்விக்கக் காற்றும் போதாது, சூடேறிக் கருகும். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் இருந்தால் 30 என்றால் 30தான், அதற்கு மேல் இழுக்கவிடாது. லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.4 வோல்ட்டையும், இந்தப் பக்கம் எது வந்தாலும், அதுவே தயாரித்துக் கொடுக்கும். அப்படித்தான் இந்தப் பெட்டி வீட்டுக்கு, அதாவது வண்டிக்கு, வந்தது.

மாட்டுவது ஒரு மத்தியான வேலை. இருந்த ரிலேயைக் கழற்றி, அதே ஒயரை இதன் உள்முனையில் கொடுத்து, வெளிமுனையைப் பேட்டரிக்குக் கொடுத்தேன். ‘அதே ஒயரை’ என்று சொன்னேன் பாருங்கள், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நீண்ட பயணம், நான்கு மணி நேரம். கிளம்பும்போது பேட்டரி 41 சதவீதம், போய் இறங்கும்போது 50. நான்கு மணி நேரத்தில் 9 ஆம்பியர்-அவர்! 30 ஆம்பியர் சார்ஜர் என்று எழுதியிருக்கிறது, கணக்குப் போட்டால் சராசரி இரண்டேகால் வருகிறது. திரும்பும்போது மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் கட்டிலைத் தூக்கி வைத்து, சார்ஜருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பச்சை விளக்கு எரிகிறது. ஐந்தாறு நொடி. அணைகிறது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. மறுபடி எரிகிறது, ஐந்தாறு நொடி, அணைகிறது. கிளாம்ப் மீட்டரும் அதே தாளத்தில் 30, பூஜ்யம், 30, பூஜ்யம். “என்ன மச்சான், எரியுதா?” என்று முன்னாலிருந்து குரல். எரியுது, அணையுது, எரியுது, அணையுது என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அன்று ராத்திரிதான் அந்த ஒரு நட்சத்திர விமர்சனத்தை எழுதினேன்.

மேனுவலில் ‘சார்ஜ் ஆகவில்லை என்றால் உள்வரும் வோல்டேஜைச் சரிபார்க்கவும்’ என்று ஒரே வரி. சரிபார்த்தேன். 14.2. பிரச்சினையே இல்லை என்றுதான் நினைத்தேன். சார்ஜர் அணைந்திருக்கும்போது அளந்திருக்கிறேன் என்பது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. கரண்டே போகாத ஒயரில் வோல்டேஜ் எங்கே குறையும்? அன்றைக்கு டி பிளஸ் ஒயரில் மல்டிமீட்டர் என்னை ஏமாற்றிய அதே விஷயம்தான், ஆள் மட்டும் பெரியவன். ஒரு முறை பட்டும் புத்தி வரவில்லை.

விளக்கு எரியும் அந்த ஐந்து நொடிக்குள் அளக்க வேண்டும். மீட்டரில் மின்-மேக்ஸ் (MIN-MAX) பட்டன் இருந்தால் அதை அழுத்தி வைத்துவிடலாம், மிகக் குறைந்த அளவை அதுவே பிடித்து வைக்கும். உள்முனையில் 12.4 என்று வந்தது. அப்புறம் போனில் சார்ஜரின் ஆப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே வரும் வோல்டேஜ் 12.5க்குக் கீழே போனால் நிறுத்திவிடு என்று அதில் ஒரு வரம்பு இருக்கிறது. இன்ஜின் நின்றுவிட்டது, இனி இழுத்தால் ஸ்டார்ட்டர் பேட்டரி காலியாகும் என்று அது புரிந்துகொள்கிறது. நிறுத்தியதும் கரண்ட் இல்லை, வோல்டேஜ் 14.2க்குத் திரும்புகிறது, ஓ, இன்ஜின் ஓடுகிறது போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கிறது. பாவம், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

இனி அந்த 1.8 வோல்ட் எங்கே போகிறது என்று தேடவேண்டும். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் சார்ஜரே இல்லாமல் வெறும் ரிலே வைத்திருப்பவர்களுக்கும் பாதிக் கோளாறு பிடிபடும். முதலில் அந்த வரம்பைத் தற்காலிகமாக 12.0 ஆக்கினேன், சார்ஜர் அணையாமல் ஓட ஆரம்பித்தது. இன்ஜின் ஓடட்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு ஊசியை இன்ஜின் பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொரு ஊசியைச் சார்ஜரின் பிளஸ் உள்முனையிலும் வைக்கவேண்டும். ஆமாம், பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு. ஊசிக்கு நீளம் பத்தாது, ஏதாவது மெல்லிய ஒயரை நீட்டிக்கொள்ளுங்கள், அளப்பதற்கு அது போதும். மீட்டர் காட்டுவது அந்த வழியில் தொலைந்த வோல்டேஜ். எனக்குக் கிட்டத்தட்ட 1 வோல்ட் வந்தது. அப்படியே ஊசியை நகர்த்தி பியூஸ் ஹோல்டரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தேன், அங்கே மட்டும் 0.2. தொட்டுப் பார்த்தால் சுட்டது. கழற்றினால் நட்டுக்குக் கீழே செம்பு நீலம் பாரித்திருந்தது. யாரோ கையால் முறுக்கிவிட்டு ஸ்பேனர் போட மறந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான், ரிலே மாற்றிய அன்று.

மீதி 0.8 அந்தப் பழைய ஒயர். 6 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 3 மில்லி ஓம் தடை. முன்னாலிருந்து பின்னால் வரை சுற்றி வளைத்து 7 மீட்டர், 20 மில்லி ஓம் சொச்சம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் சார்ஜர் 30 ஆம்பியர் வெளியே கொடுக்க உள்ளே 30 இழுத்தால் போதாது. வெளியே 13.5 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 405 வாட். தன் நஷ்டத்தையும் சேர்த்து உள்ளே 460 வாட் கேட்கும். வரும் வோல்டேஜ் 12.4 என்றால் 37 ஆம்பியர். வோல்டேஜ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அதிகம் இழுக்கும், அதிகம் இழுக்க இழுக்க இன்னும் குறையும். ரிலே காலத்தில் இந்த ஒயர் சமாளித்ததற்குக் காரணம், லெட் ஆசிட் பேட்டரி பாவம் 10, 15 ஆம்பியருக்கு மேல் கேட்கவே இல்லை. வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறைந்து, தானே அடங்கிவிடும்.

அடுத்து எர்த். எல்லோரும் பிளஸ் ஒயரைத்தான் பார்ப்பார்கள். போன கரண்ட் திரும்பி வரவேண்டாமா? இப்போது ஊசியை இன்ஜின் பேட்டரியின் மைனஸ்ஸிலும் சார்ஜரின் மைனஸ்ஸிலும் வைத்தேன். 0.1, போனால் 0.2 வரலாம். 0.8 வந்தது. வண்டியின் சேசிஸ் வழியாகத்தான் எர்த் திரும்புகிறது, கட்டிலுக்குக் கீழே ஒரு போல்ட்டில் அதைப் பிடித்திருந்தார்கள். போல்ட் பளபளவென்று இருந்தது. கழற்றிப் பார்த்தால் லக்குக்குக் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) கீழே பெயின்ட்டைச் சுரண்டவே இல்லை! இத்தனை வருஷமும் போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்தது, அந்த மரையிலும் துரு. 0.8, 0.8, 0.2, ஆக மொத்தம் 1.8. 14.2லிருந்து கழித்துப் பாருங்கள், 12.4. பள்ளிக்கூடத்தில்கூடக் கணக்கு இவ்வளவு சரியாக எனக்கு வந்ததில்லை.

சரிசெய்த விதம் சுருக்கமாக. எர்த் இடத்தில் வெறும் இரும்பு தெரியும்வரை கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அதோடு விடாமல் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் தனித்தனியாக 16 ஸ்கொயர் எம்எம்மில் முன்னாலிருந்து புதிதாக இழுத்தேன், லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்தி, இரண்டு முனையிலும் 60 ஆம்பியர் பியூஸ் வைத்தேன். சுத்தியலால் லக்கை நசுக்குவதை இனி செய்யமாட்டேன். வேலையைத் தொடும் முன் மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். வரம்பை மறுபடி 12.5க்கே கொண்டுவந்தேன். இப்போது முழு லோடில் உள்முனையில் 13.6 நிற்கிறது, அடுத்த முறை 41 சதவீதத்தில் கிளம்பினோம், இரண்டேகால் மணி நேரத்தில் நிறைந்துவிட்டது.

இனி பெட்டியைப் பற்றி. சார்ஜ் ஏற்றும் வேலையில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சொன்ன 30ஐக் கொடுக்கிறது, நிறைந்ததும் அடங்கிவிடுகிறது. லெட் ஆசிட், ஏஜிஎம், லித்தியம் என்று வகை மாற்றிக்கொள்ளலாம், வோல்டேஜைக் கையாலும் வைக்கலாம். ஆப் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் நின்றது என்பதற்கான காரணத்தை நாலு பக்கம் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். ‘உள்வரும் வோல்டேஜ் குறைவு’ என்று முகப்பிலேயே சிவப்பில் காட்டியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சம்.

சூடு ஒரு விஷயம். 460 வாட் வாங்கி 405 கொடுக்கிறது என்றால் மீதி 55 வாட் சூடாகத்தான் போகிறது. ஒரு ஹெட்லைட் பல்பை அலமாரிக்குள் வைத்து மூடி நான்கு மணி நேரம் எரியவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. முதலில் கட்டிலுக்கு அடியில் போர்வைகளோடு வைத்திருந்தேன். 40 டிகிரி தாண்டினால் தானே வெளியீட்டைக் குறைத்துக்கொள்கிறது, 30 வரவேண்டிய இடத்தில் 18 வந்து நின்றது, கோளாறு என்று மறுபடி பயந்துவிட்டேன். போர்வையை இடம் மாற்றி, மேலும் கீழும் காற்று போக ஓட்டை போட்டதும் சரியாகிவிட்டது. ஒயர் மாட்டும் ஸ்குரூ முனைகள் 16 ஸ்கொயர் எம்எம் ஒயரை மட்டு மரியாதையில்லாமல் அமுக்கித்தான் ஏற்றுக்கொள்கின்றன. வண்டி அதிர அதிர ஸ்குரூ தளரும், ஒரு மாதம் கழித்து ஒரு முறை இறுக்குங்கள். எனக்குக் கால் சுற்று வந்தது.

மேனுவல் மகா மோசம். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மச்சான் வண்டி புதியது, அவருக்கும் ஓடும்போது வீட்டு பேட்டரி ஏறவில்லை, ஆனால் காரணமே வேறு. புது வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். எரிபொருள் மிச்சம் பிடிக்க, இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜை 12.4 அளவுக்கு இறக்கிவிடும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் பிடித்தாலோ 15 வரை ஏற்றும். வோல்டேஜைப் பார்த்துச் சேரும் ரிலே பெரும்பாலும் 13.3ல் சேர்ந்து 12.8ல் பிரியும், ஆகவே நேரான ரோட்டில் அது பிரிந்தே கிடக்கும். அவர் வண்டியில் நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் ஸ்டார்ட் பண்ணின புதிதில் ஆல்டர்னேட்டர் 14க்கு மேல்தான் கொடுக்கிறது. ரோட்டில் ஓட்டிக்கொண்டே அளந்தால்தான் பிடிபடுகிறது. அவரும் இதே பெட்டியை வாங்கினார். அவருக்கு வோல்டேஜ் வரம்பை நம்பாமல், சாவி போட்டால் வரும் இக்னிஷன் ஒயரைச் சார்ஜரின் ரிமோட் முனையில் கொடுத்து, நிறுத்தும் வரம்பை 12க்குக் கீழே வைத்தோம். பழைய வண்டிக்கு நான் வைத்த அதே செட்டிங்கை அவர் வண்டியில் முதலில் வைத்துவிட்டு, “உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் பாரு” என்று ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினேன்.

சோலார் வைத்திருப்பவர்கள் சோதிக்கும்போது பேனலை மூடுங்கள், அல்லது ராத்திரி சோதியுங்கள். வெயிலில் சோலார் வீட்டு பேட்டரியை 13.6ல் வைத்திருக்கும், இன்ஜின் ஏற்றுகிறது என்று நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். நாலு நாள் மழை வந்தால்தான் உண்மை வெளியே வரும்.

லித்தியத்தில் இன்னும் இரண்டு வேடிக்கை. செல்லின் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட், அதில் அந்த வசதி இருந்தால், சார்ஜை வெட்டிவிடும், வெட்டத்தான் வேண்டும், அந்தக் குளிரில் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். சார்ஜர் பக்கம் பார்த்தால் விளக்கு எரிகிறது, வோல்டேஜ் 14.4, ஆம்பியர் பூஜ்யம். பேட்டரி சூடு பிடித்ததும் தானே சரியாகும், எதையும் கழற்றாதீர்கள். இன்னொன்று, பேட்டரியை அடிவரை காலி செய்துவிட்டால் பிஎம்எஸ் வெளிமுனையையே துண்டித்துவிடும், மீட்டரில் பூஜ்யமோ இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டும். எதிரில் பேட்டரியே இல்லை என்று நினைத்துச் சில சார்ஜர் ஆரம்பிக்கவே மறுக்கும். பேட்டரி செத்துவிட்டது என்று பதறவேண்டாம், லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள ஒரு சார்ஜரைக் கொஞ்ச நேரம் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

யார் வாங்கவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். பழைய வண்டி, பழைய மாதிரி ஆல்டர்னேட்டர், லெட் ஆசிட் பேட்டரி, பேட்டரிகள் பக்கத்துப் பக்கத்தில் என்றால் உங்களுக்கு இது தேவையில்லை. ரிலேயும் தடிமனான ஒயரும் போதும். ஏற்கெனவே ஏறாத பேட்டரிக்கு இதை மருந்தாக நினைத்து வாங்குகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த வோல்டேஜ் இழப்பை அளந்துவிட்டு வாங்குங்கள், பல நேரம் ஒரு பிரஷ்ஷும் ஒரு ஸ்பேனரும் போதும். எத்தனை ஆம்பியர் என்ற கேள்விக்கு, 50 ஆம்பியர் பெட்டிகளும் இருக்கின்றன, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது உள்ளே 60க்கு மேல் இழுக்கும், அதற்கு ஒயர் இன்னும் தடிமன், ஆல்டர்னேட்டர் அதைத் தாங்குமா என்றும் பார்க்கவேண்டும். என் ஆல்டர்னேட்டர் வயசுக்கு 30 சரி.

நட்சத்திரம் நாலு கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று, அரை மேனுவலுக்கு, அரை அந்த ஸ்குரூ முனைகளுக்கு. ஒயரை மாற்றியபோது மிச்சமான 7 மீட்டர் 6 ஸ்கொயர் எம்எம் இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது, தண்ணீர் பம்புக்கு அருமையான ஒயர், வேண்டுமானால் கேளுங்கள்.